சார்ஜ் போட்டுட்டு தூங்கப் போறீங்களா, பாஸ்?

உங்க காலேஜ்ல ட்ரோன் கிளப் இருக்கா? இல்லைன்னாலும் பரவாயில்லை. கல்ச்சுரல்ஸ் அன்னிக்கு தலைக்கு மேல 'விர்ர்ர்'னு சுத்தி வீடியோ எடுக்க ஒரு ட்ரோனாவது வந்திருக்கும். ஃபைனல் இயர் புராஜெக்ட் லிஸ்ட்ல 'விவசாய ட்ரோன்'னு ஒரு தலைப்பாவது இருக்கும். அந்த ட்ரோனைப் பத்தி டீம்ல இருக்கிற யாரை வேணா கேளுங்க. எவ்வளவு உயரம் போகும், எத்தனை கிலோ தூக்கும், கேமரா என்ன ரகம்னு மடமடன்னு ஒப்பிப்பாங்க. 'நேத்து ராத்திரி இதோட பேட்டரி எங்கே இருந்துச்சு?'னு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. கப்சிப்!

நானே சொல்லிடறேன். ஹாஸ்டல் ரூம்ல, கட்டிலுக்குப் பக்கத்துல, துவைக்காத துணி மூட்டைக்கு அரை அடி தூரத்துல, சார்ஜர்ல மாட்டினபடி இருந்துச்சு. ரூம்ல நாலு பேரும் நல்ல தூக்கத்துல இருந்தாங்க. பெரும்பாலான டீம்ல இதுதான் பதில். இந்த வாரம் நாம பேசப்போறது இதைப் பத்திதான்.

வானத்துக்கு ரூல்ஸ் உண்டு, ரூமுக்கு?

நான் படிக்கிறது செங்கல்பட்டு பக்கம். எங்க மாவட்டத்துக்கும் ட்ரோனுக்கும் ரொம்ப நெருக்கம். குரோம்பேட்டை எம்.ஐ.டி. எங்க மாவட்ட எல்லைக்குள்ளதான் வருது. அப்துல் கலாம் விமானப் பொறியியல் படிச்ச அதே எம்.ஐ.டி. அங்கே உருவான 'தக்‌ஷா' குழு 2018-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குப் போய், மருத்துவ உதவிக்கான ட்ரோன் போட்டியில இரண்டாம் இடம் பிடிச்சுது. அந்தக் குழுவுக்கு ஆலோசகரா இருந்தவர் நடிகர் அஜித். அப்புறம் சும்மா இருப்போமா? ஜி.எஸ்.டி. ரோட்டுல இருந்து ஓ.எம்.ஆர். வரைக்கும் ஆளாளுக்கு ட்ரோன் கட்ட ஆரம்பிச்சுட்டாங்க.

பறக்கவிடறதுக்கு சட்டதிட்டம் எல்லாம் பக்காவா இருக்கு. மத்திய அரசு 2021 ஆகஸ்ட்டில் கொண்டுவந்த ட்ரோன் விதிகளின்படி, நாட்டின் வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 2 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரோன் என்றால் ஓட்டுகிறவருக்குச் சான்றிதழ் வேண்டும். மாமல்லபுரத்துல கடற்கரைக் கோயிலைப் பார்த்ததும் ட்ரோனை எடுக்கக் கை பரபரக்கும். ஆனா, அது தொல்லியல் துறையோட பாதுகாப்புல இருக்கிற உலகப் பாரம்பரியச் சின்னம். கொஞ்சம் தெற்கே போனா கல்பாக்கம் அணுமின் நிலையம். அதனால எங்க பசங்க மேப்பைப் பார்க்காம ட்ரோனை வெளியவே எடுக்க மாட்டாங்க. அந்த விஷயத்துல எல்லாரும் உஷார்.

அதே பசங்க சாயங்காலம் ரூமுக்கு வந்ததும், ஃபேனுக்குப் பக்கத்து பிளக்ல மூணு பேட்டரியைச் சொருகிட்டு மெஸ்ஸுக்குப் போயிடுவாங்க. ரூமுக்கு மேப் கிடையாது, சான்றிதழ் கிடையாது, கேட்க ஆளும் கிடையாது. ட்ரோன் ஒரு நாளைக்கு இருபது நிமிஷம் பறந்தாலே பெரிய விஷயம். மீதி நேரமெல்லாம் பேட்டரி நம்ம கூடத்தான் குடியிருக்கு. அப்போ எந்த இடத்துல அதிக ஜாக்கிரதையா இருக்கணும்? நீங்களே சொல்லுங்க.

உள்ளே என்னதான் இருக்கு?

நாம கட்டுற ட்ரோன்ல போடுறது பெரும்பாலும் லித்தியம் பாலிமர் பேட்டரி. செல்லமா 'லிப்போ'. ஒரு செல்லோட சராசரி அழுத்தம் 3.7 வோல்ட். ஃபுல் சார்ஜ்ல 4.2 வோல்ட். நாலு செல்லை வரிசையா சேர்த்தா 4 எஸ். அப்படின்னா 14.8 வோல்ட், ஃபுல்லா ஏத்தினா 16.8. அதுவே 5,000 எம்.ஏ.ஹெச். பேட்டரின்னா மொத்தம் 74 வாட் ஹவர் சக்தி உள்ளே இருக்கு. கிட்டத்தட்ட நாலு செல்போன் பேட்டரியோட சக்தி. ஆனா, செல்போன் அதை ஒரு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா குடிக்கும். ட்ரோன் கால் மணி நேரத்துல மொத்தத்தையும் உறிஞ்சிடும். அவ்வளவு வேகமாக் கொடுக்கணும்னா உடம்பும் லேசா இருக்கணும். அதனால லிப்போவுக்கு இரும்புச் சட்டை கிடையாது, ஃபாயில் பை மட்டும்தான்.

செல்லுக்குள்ள நேர்மின்வாய், எதிர்மின்வாய், ரெண்டுக்கும் நடுவுல தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் தாள். அந்தத் தாள்தான் வேலி. அளவுக்கு மேல சார்ஜ் ஏத்தினாலோ, கீழே விழுந்து நசுங்கினாலோ, வெளிச் சூடு அதிகமானாலோ வேலி பழுதாகும். ரெண்டு பக்கமும் தொட்டுக்கிட்டா உள்ளேயே ஷார்ட் சர்க்யூட். அந்தச் சூடு அடுத்த ரசாயன மாற்றத்தைத் தூண்டும், அது இன்னும் சூட்டைக் கிளப்பும். அப்புறம் யார் சொன்னாலும் கேட்காது. எரியுறதுக்குத் தேவையான ஆக்சிஜன்ல ஒரு பங்கை நேர்மின்வாய்ப் பொருளே கொடுத்துடும். அதனால ஈரச் சாக்கைப் போட்டு மூடினாலும் சட்டுனு அடங்காது. ஒரு செல் போனா பக்கத்துச் செல்லையும் கூட்டிட்டுப் போகும்.

'இதெல்லாம் சீப்பான பேட்டரிக்குத்தான்'னு நினைக்காதீங்க. 2013 ஜனவரியில அமெரிக்காவின் பாஸ்டன் விமான நிலையத்துல சும்மா நின்னுக்கிட்டிருந்த போயிங் 787 விமானத்தோட லித்தியம் அயன் பேட்டரி தீப்பிடிச்சுது. ஒரே ஒரு செல்லுக்குள்ள நடந்த ஷார்ட் சர்க்யூட் மத்த செல்களுக்கும் பரவியிருக்குன்னு விசாரணையில தெரிஞ்சுது. அந்த மாசமே உலகம் முழுக்க அந்த ரக விமானங்கள் எல்லாத்தையும் தரையில நிறுத்திவெச்சாங்க. போயிங் இன்ஜினீயர்களுக்கே தண்ணி காட்டின சமாச்சாரம் இது. நம்ம ஹாஸ்டல் பிளக் பாயின்ட் எம்மாத்திரம்?

வேலூரை மறந்துடாதீங்க

இப்போ கொஞ்சம் சீரியஸா ஒரு விஷயம். 2022 மார்ச் மாசம், வேலூர். வீட்டுல ராத்திரி சார்ஜ் போட்டிருந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் தீப்பிடிச்சுது. வீட்டுக்குள்ள சூழ்ந்த புகையில மூச்சுத் திணறி ஒரு அப்பாவும் அவரோட 13 வயசுப் பொண்ணும் இறந்துபோனாங்க. அந்த வருஷம் நாட்டின் பல இடங்கள்ல எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் எரிஞ்சதுக்கு அப்புறம்தான், வண்டி பேட்டரிக்கான பாதுகாப்புத் தரத்தை மத்திய அரசு கடுமையாக்கி, 2022 டிசம்பரில் இருந்து படிப்படியா அமலுக்குக் கொண்டுவந்துச்சு.

ஸ்கூட்டர் பேட்டரியோட ஒப்பிட்டா நம்ம ட்ரோன் பேட்டரி குட்டிதான். ஆனா, ஹாஸ்டல் ரூமும் குட்டிதானே? ஒரு கதவு, ஒரு ஜன்னல், அந்த ஜன்னல்லயும் கொசுவலை. லித்தியம் பேட்டரி புகையில ஹைட்ரஜன் ஃபுளோரைடு மாதிரியான விஷ வாயுக்கள் கலந்திருக்கும். தீ நம்மளைத் தொடுறதுக்கு முன்னாடியே புகை வேலையை முடிச்சுடும். தூங்கிட்டு இருக்கிறவனுக்கு எழுந்திருக்க அவகாசம்கூட கிடைக்காது.

பால் காய்ச்சுற மாதிரி!

சரி, என்ன செய்யணும்? பெரிய சூத்திரம் எதுவும் இல்லை. அடுப்புல பாலை வெச்சுட்டு எங்க அம்மா தூங்கப் போய் நான் பார்த்ததே இல்லை. போன்ல பேசினாலும், சீரியல் ஓடினாலும் ஒரு கண்ணு பால் மேலதான். லிப்போ சார்ஜிங்கும் அப்படித்தான். பக்கத்துல முழிச்சுக்கிட்டு ஒரு ஆள் இருக்கணும். அந்த ஆள் கவனிக்க வேண்டியது இதெல்லாம்தான்.

முதல்ல பேட்டரியைக் கையில எடுத்துப் பாருங்க. வீக்கம், நசுங்கல், ஒயர் பிஞ்சது, இனிப்பான ஒரு கெமிக்கல் வாசனை... இதுல எது இருந்தாலும் சார்ஜர் பக்கமே போகக்கூடாது.

அடுத்து செட்டிங். செல் எண்ணிக்கையை ரெண்டு தடவை பாருங்க. 3 எஸ் பேட்டரியை மாட்டிட்டு 4 எஸ்ஸுனு அமுக்கிட்டா என்ன ஆகும்? 16.8-ஐ மூணால வகுத்தா ஒரு செல்லுக்கு 5.6 வோல்ட். தாங்கக்கூடியது 4.2. கணக்கு போதுமா? நல்ல சார்ஜர்கள் தப்பைக் கண்டுபிடிச்சுக் கத்தும். எல்லா சார்ஜரும் நல்ல சார்ஜர் இல்லையே! 'பேலன்ஸ்' ஒயரையும் கண்டிப்பா மாட்டணும். அப்போதான் எல்லாச் செல்லும் சமமா ஏறும். கரன்ட் போயிட்டு வந்தா சில சார்ஜர் பழைய செட்டிங்கை மறந்துடும். மறுபடி முதல்ல இருந்து பாருங்க.

வேகம்? கம்பெனி வேற மாதிரி சொல்லாத வரைக்கும் '1 சி'யைத் தாண்டாதீங்க. 5,000 எம்.ஏ.ஹெச். பேட்டரிக்கு 5 ஆம்பியர், 2,200-க்கு 2.2 ஆம்பியர். 'நாளைக்கு டெமோ, சீக்கிரம் ஏத்துடா'ங்கிற அவசரம் பேட்டரிக்குப் புரியாது.

இடம்? சிமென்ட் தரை. சுத்தி பேப்பர், துணி, மெத்தை கூடாது. வாசலை மறிக்கிற மாதிரியும் வெக்காதீங்க. ஏதாவது ஆனா ஓட வேண்டிய வழி அதுதான். நர்சரியில விற்கிற மண் பூந்தொட்டி ஒண்ணு, பக்கத்துல காய்ஞ்ச மணல் ஒரு வாளி. செலவு ரொம்பக் கம்மி. மணல் வேணும்னு மாமல்லபுரம் பீச்ல அள்ளிட்டு வராதீங்க. அதுல உப்பும் ஈரமும் இருக்கும்.

கடைசியா, தூக்கம். ஆமா, பேட்டரிக்குத்தான்! ரெண்டு, மூணு நாளைக்குப் பறக்கப்போறதில்லைன்னா ஃபுல் சார்ஜ்ல விட்டுடாதீங்க. செல்லுக்கு 3.8 வோல்ட் பக்கத்துல கொண்டுவந்து வைங்க. சார்ஜர்ல 'ஸ்டோரேஜ்'னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அதுக்குத்தான். பிராண்டட் ட்ரோன்களோட ஸ்மார்ட் பேட்டரி சில நாள் கழிச்சு தானாவே சக்தியைக் குறைச்சுக்கும். நாம கட்டுற ட்ரோன் பேட்டரிக்கு அந்த மூளை இல்லை. நாமதான் மூளையா இருக்கணும்.

வெயில், உப்பு, காத்து

எங்க ஊர் பசங்களுக்குத் தனியா மூணு பாடம் இருக்கு. கடலோரக் காலேஜ் பசங்க எல்லாருக்குமே பொருந்தும்.

ஒண்ணு, வெயில். அக்னி நட்சத்திரத்துல செங்கல்பட்டு எப்படிக் கொதிக்கும்னு இங்கே இருந்து பார்த்தாத்தான் தெரியும். ஈ.சி.ஆர்-ல காரை நிறுத்திட்டு, பேட்டரி பையை டேஷ்போர்டு மேல வெச்சுட்டு சாப்பிடப் போனா, திரும்பி வர்றப்போ அது அடுப்புக்குள்ள இருந்த மாதிரிதான் இருக்கும். பெரும்பாலான கையேடுகள் 5 டிகிரியில இருந்து 40 டிகிரி வரைக்கும்தான் சார்ஜ் பண்ணச் சொல்லுது. பறந்து இறங்கின பேட்டரி சூடா இருக்கும். நிழல்ல வெச்சு, கைக்குச் சாதாரணமா தெரியுற வரைக்கும் ஆறவிட்டு அப்புறம் மாட்டுங்க.

ரெண்டு, உப்பு. உப்புக்காத்து பட்டா கனெக்டர்ல பச்சை பூக்கும். துடைச்சு வைங்க. ட்ரோன் அலையில விழுந்துட்டா? எடுத்துக் காயவெச்சு மறுபடி சார்ஜ் போடுற வேலையே கூடாது. உப்புத் தண்ணி மின்சாரத்தைக் கடத்தும், உள்ளே போய் அரிக்கும். 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவை 'இயன்' புயல் தாக்குச்சு. கடல் தண்ணியில மூழ்கின எலெக்ட்ரிக் கார்கள்ல சில, தண்ணி வடிஞ்சு நாள் கணக்கா ஆன பிறகு தீப்பிடிச்சுது. அதே வருஷம் டிசம்பர்ல நம்ம மாமல்லபுரம் பக்கத்துல 'மாண்டஸ்' புயல் கரையைக் கடந்தது ஞாபகம் இருக்கும். புயல் சீஸன்ல பேட்டரிப் பெட்டியைத் தரைத்தளத்து மூலையில வைக்காதீங்க.

மூணு, காத்து. கோடையில மத்தியானத்துக்கு மேல கடல்காத்து கரையைப் பார்த்து வீசும். கடல் மேல போன ட்ரோன் திரும்பி வர்றப்போ காத்தே தள்ளிவிடும். விடியற்காலையில உல்டா! நிலக்காத்து கடலைப் பார்த்து வீசும். போறப்போ ஜாலியா போகும், திரும்பறப்போ மூச்சு வாங்கும். அப்போ பேட்டரியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் உறிஞ்சினாத்தான் கரைக்கு வரும். செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போனா உள்ளே நிரந்தரமா கெட்டுப்போகும். கெட்டுப்போனதை மறுபடி சார்ஜ் போடுறப்போதான் ஆபத்து. அதனால 30 சதவிகிதம் மீதி இருக்கிறப்பவே இறக்கிடுங்க.

'ரெண்டு நிமிஷம்தானே!'

இத்தனையும் யூடியூப்ல கிடைக்கும். தெரியாம யாரும் தப்புப் பண்றதில்லை. அப்புறம் ஏன் நடக்குது? காசு, வெட்கம், அவசரம்!

ஒரு நல்ல பேட்டரி விலை எங்க மாச மெஸ் பில்லைத் தொடும். ரிச்சி ஸ்ட்ரீட்ல நடையா நடந்து, பேரம் பேசி, பத்து பேர் காசு போட்டு வாங்கினது. அது லேசா வீங்கினா தூக்கிப்போட யாருக்கு மனசு வரும்?

எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியம் அன்னிக்கு அதுதான் நடந்துச்சு. இருந்ததே மூணு பேட்டரி. காலையில பார்த்தா ஒண்ணு அப்பளம் மாதிரி உப்பியிருக்கு. சீஃப் கெஸ்ட் வந்தாச்சு. எங்க கேப்டன், 'ரெண்டு நிமிஷம்தானே பறக்கப்போகுது, ஓட்டிடலாம்'னான். நாங்க எல்லாரும் அமைதி. ஃபைனல் இயர் அக்கா ஒருத்தங்க மட்டும் கேட்டாங்க: "சரிடா, ரெண்டு நிமிஷம் பறக்கும். இறங்கினதுக்கு அப்புறம் இதை எங்கே கொண்டுபோய் வெப்ப?"

கேப்டன் பதில் சொல்லலை. பதில் எங்க எல்லாருக்கும் தெரியும். ஃபர்ஸ்ட் இயர் பசங்க ரூம்ல. 'பேட்டரி டூட்டி' எப்பவுமே டீம்ல இருக்கிற சின்னப் பசங்க தலையிலதான் விழும். அவங்க ரூம்லதான் பெட்டி, அவங்க கட்டிலுக்குப் பக்கத்துலதான் சார்ஜர். சீனியர் சொன்னா மாட்டேன்னு அவங்க சொல்லவும் மாட்டாங்க. அந்த ரெண்டு பசங்களும் டீம் டி-ஷர்ட்டைப் போட்டுக்கிட்டு அங்கேயே நின்னுட்டிருந்தாங்க.

அன்னிக்கு டெமோ பாதியா சுருங்கிடுச்சு. சீஃப் கெஸ்ட் முகத்துல ஏமாற்றம். கேப்டன் ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசலை. எதுவும் எரியலை, யாருக்கும் எதுவும் ஆகலை. அக்காவைப் பாராட்டி யாரும் மேடையில பேசவும் இல்லை. ஆனா, அடுத்த வாரம் எங்க டீம்ல சில விஷயம் மாறிடுச்சு. ஒவ்வொரு பேட்டரி மேலயும் டேப் ஒட்டி நம்பரும் வாங்கின தேதியும் எழுதினோம். எத்தனை தடவை சார்ஜ் ஆச்சுன்னு ஒரு நோட்டு போட்டோம். சார்ஜ் போடுறப்போ நோட்டுல பேர் எழுதறவர்தான் எடுக்கிற வரைக்கும் பக்கத்துல இருக்கணும். முதல் பேர் கேப்டனோடது!

இன்னொரு விஷயம். ஹாஸ்டல்ல பேட்டரி சார்ஜிங்குக்குத் தடை போட்டா பசங்க நிறுத்திடுவாங்கன்னு நினைக்கிற வார்டன்கள் இருக்காங்க. நிறுத்த மாட்டோம் சார்... ஒளிச்சு வெச்சுப் போடுவோம்! பீரோவுக்குள்ள, போர்வைக்குப் பின்னாடி. அது இன்னும் ஆபத்து. அதனால நாங்க நேரா போய்க் கேட்டோம். லேப்ல கீழ்த்தளத்துல ஜன்னல் பக்கத்துல ஒரு சிமென்ட் மேடை கொடுத்தாங்க. ராத்திரி ஒன்பது மணிக்கு பிளக்கைப் பிடுங்கிடணும்னு கண்டிஷன். நீங்களும் கேட்டுப் பாருங்க. கிடைக்கும்.

புகை வந்தா?

முதல்ல எல்லாரையும் வெளியே அனுப்புங்க. எட்டிடற தூரத்துல இருந்தா மெயின் சுவிட்சை அணைங்க. எரியுற பேட்டரியைக் கையில தூக்கிட்டு ஓடுற ஹீரோ வேலை வேண்டாம். புகையைச் சுவாசிக்காதீங்க. சின்ன பேட்டரின்னா, பக்கத்துல போக முடிஞ்சா மட்டும் மணலைக் கொட்டலாம். மின்சாரம் துண்டிச்ச பிறகு தள்ளி நின்னு நிறையத் தண்ணி ஊத்தினா சூடு தணியும். பக்கத்துச் செல்லுக்குப் பரவாம இருக்க அதுதான் உதவும். தீ பெருசுன்னா கதவைச் சாத்திட்டு வெளியே வந்து 101 அல்லது 112-க்கு அடிங்க. அணைஞ்ச பேட்டரியும் மறுபடி பத்திக்கும். அன்னிக்கு ராத்திரி அதை ரூமுக்குள்ள கொண்டுவராதீங்க.

ஆயுள் முடிஞ்ச பேட்டரியை மெஸ் குப்பைத்தொட்டியில போடாதீங்க. குப்பை லாரியில நசுங்கினா, பாதிக்கப்படறது துப்புரவுப் பணியாளர். சார்ஜர்லயே முழுசா டிஸ்சார்ஜ் பண்ணி, முனைகள்ல டேப் ஒட்டி, பேட்டரி மறுசுழற்சி பண்றவங்ககிட்ட கொடுங்க. 2022-ல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள்படி, பழசைத் திரும்ப வாங்க வழி பண்ண வேண்டியது தயாரிப்பாளர் பொறுப்பு. வெளியூர் போட்டிக்கு ஃபிளைட்ல போறீங்களா? உதிரி பேட்டரி கைப்பையிலதான் வரணும், செக்-இன் லக்கேஜ்ல கூடாது. 100 வாட் ஹவர் வரைக்கும் பொதுவா பிரச்னை இல்லை. அதுக்கு மேல 160 வரைக்கும் விமான நிறுவனத்தோட அனுமதி வேணும்.

'நமோ ட்ரோன் தீதி'ன்னு ஒரு திட்டம் கேள்விப்பட்டிருப்பீங்க. மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு மருந்து தெளிக்கிற ட்ரோன் கொடுக்கிறது. 2023-ல் ஒப்புதல் கிடைச்சுது. 2024-ல் வந்த அதன் வழிகாட்டு நெறிமுறையைப் பார்த்தப்போ எனக்குப் பிடிச்சது இதுதான்: ட்ரோனோட நாலு செட் கூடுதல் பேட்டரி, அதுக்கான சார்ஜர், கூடவே 15 நாள் பயிற்சி. அத்தனை பேட்டரி இருந்தாத்தான் ஒரு நாளைக்கு 20 ஏக்கர் வரைக்கும் தெளிக்க முடியும்னு கணக்குப் போட்டிருக்காங்க. வயல்ல நிக்கிற அந்த அக்காக்களுக்கு பேட்டரி ஒரு எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் இல்லை, அன்னிக்குக் கூலியே அதுலதான். இன்ஜினீயரிங் படிக்கிற நாம அதைத் துணி மூட்டைக்குப் பக்கத்துல போட்டுட்டு குறட்டை விடலாமா?

அதனால, இன்னிக்கு ராத்திரி லைட்டை அணைக்கிறதுக்கு முன்னாடி உங்க ரூமை ஒரு சுத்து சுத்திப் பாருங்க. எங்கேயாவது ஒரு சின்ன எல்.இ.டி. கண் சிமிட்டுதா? பிளக்கைப் பிடுங்குங்க. உங்க ரூம்ல இல்லைன்னா, உங்க டீம் ஃபர்ஸ்ட் இயர் பசங்க ரூம் கதவைத் தட்டிப் பாருங்க. பேட்டரி அங்கே இருந்தா, கையோட வாங்கிட்டு வந்துடுங்க!